இயந்திரம் வந்து சேரும். அதன் மூளையும் வந்து சேருமா?

வன்னிப் பெருநிலப்பரப்பின் நடுவே, ஏ-9 நெடுஞ்சாலையும் முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் ஏ-34 வீதியும் சந்திக்கின்ற மாங்குளத்தில் கைத்தொழில் வலயமொன்றை அமைக்கப்போவதாக அரசாங்கம் 2025 ஆம் ஆண்டில் அறிவித்தது. காங்கேசன்துறை, பரந்தன் ஆகியவற்றுடன் மாங்குளத்தின் பெயரும் இடம்பெற்றமை வன்னி மக்களுக்கு ஆறுதல் தரும் செய்தியே ஆகும். 1990 இல் நின்றுபோன புகையிரதம் 2013 செப்டெம்பரில் மீண்டும் மாங்குளத்தைக் கடந்து கிளிநொச்சி வரை ஓடத் தொடங்கியது. வீதி திருந்தியது, மின்சாரம் வந்தது, புகையிரதமும் வந்தது. வேலைவாய்ப்பு மட்டும் அதே வேகத்தில் வந்து சேரவில்லை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் படித்துவிட்டு நிற்கும் இளைஞர்கள் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் செல்வது இன்னமும் நின்றபாடில்லை.

வலயம் பற்றிய விவாதங்களில் காணி, நீர், வரிச்சலுகை, புலம்பெயர்ந்தோர் முதலீடு என்பன பற்றி நிறையப் பேசப்படுகின்றது. அங்கு வரப்போகும் இயந்திரங்கள் எத்தகையவை என்பது பற்றி எவரும் பேசுவதாகத் தெரியவில்லை. புத்தம்புதிய இயந்திரங்களை வாங்கக்கூடிய பெருநிறுவனங்கள் சிலவே. சிறிய, நடுத்தர முயற்சியாளர்கள், அவர் யாழ்ப்பாணத்துத் தமிழராயினும் அக்கரைப்பற்று முஸ்லிமாயினும், பெரும்பாலும் பாவித்த இயந்திரங்களுடனேயே தொழிலை ஆரம்பிக்கின்றனர். ஐரோப்பாவில் மூடப்பட்ட தொழிற்சாலையொன்றின் பொதியிடும் இயந்திரமோ, யப்பானில் கழிக்கப்பட்ட பிளாஸ்ரிக் வார்ப்பு இயந்திரமோ புதியதன் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கும்போது அதனை வாங்குவதில் தவறேதும் இல்லை. நல்ல உருக்கில் செய்யப்பட்ட இயந்திரத்தின் உடல் முப்பது, நாற்பது ஆண்டுகள் தாங்கும்.

அதனை இயக்கும் மூளை அவ்வளவு காலம் தாங்குமா என்பதே கேள்வி. தாங்காவிடின் அதற்கு மாற்றீடு எங்கே கிடைக்கும், அதனை எவ்வாறு பொருத்துவது என்பவற்றை இயந்திரம் கொள்கலனில் ஏறுமுன்னரே அறிந்திருத்தல் அவசியம்.

இன்றைய தொழிற்சாலை இயந்திரம் ஒவ்வொன்றின் பக்கத்திலும் சாம்பல்நிற இரும்புப் பெட்டியொன்று இருக்கும். அதனைத் திறந்தால் வரிசையாக அடுக்கப்பட்ட சிறு பெட்டிகளும் அவற்றிலிருந்து புறப்படும் நூற்றுக்கணக்கான வயர்களும் தெரியும். தொழில்நுட்பவியலாளர்கள் இதனைப் பி.எல்.சி. என்பர். செய்நிரல் எழுதி இயக்கப்படும் கட்டுப்பாட்டுக் கருவி என்று தமிழிற் கூறலாம். ஒரு பெட்டி மின்வழங்கி. அடுத்தது சி.பி.யு. எனப்படும் செயலி. மீதமுள்ளவை உள்வரும் தகவலைப் பெறுவனவும் வெளியே கட்டளை அனுப்புவனவுமான அட்டைகள். உணரிகளும் பொத்தான்களும் என்ன நிலையில் உள்ளன என்பதைச் செயலி வாசிக்கின்றது; தன்னிடமுள்ள செய்நிரலின்படி முடிவெடுக்கின்றது; மோட்டார்களுக்கும் வால்வுகளுக்கும் கட்டளையிடுகின்றது. பின்னர் மீண்டும் வாசிக்கின்றது. இச்சுற்று ஒரு செக்கனுக்குள் பல தடவைகள், சில மில்லிசெக்கன்களுக்கு ஒருமுறை என இடையறாது நடைபெறுகின்றது.

இக்கருவி பிறந்த கதை சுவையானது. 1960களில் அமெரிக்க மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளில் கட்டுப்பாடு முழுவதும் ரிலே எனப்படும் மின்காந்த ஆளிகளாலேயே நடைபெற்றது. வாகனத்தின் மாதிரி மாறும்போதெல்லாம் ஆயிரக்கணக்கான ரிலேக்களின் வயர்களைக் கழற்றி மீண்டும் பூட்ட வேண்டியிருந்தது. 1968 இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ராமட்டிக் பிரிவு இதற்கு மாற்றுவழி கேட்டது. டிக் மோர்லி என்ற பொறியியலாளரும் அவரது தோழர்களும் உருவாக்கிய மொடிகொன் 084 என்ற கருவி அதற்கு விடையாக அமைந்தது. அது அவர்களது நிறுவனத்தின் 84 ஆவது திட்டம் என்பதாலேயே அந்த இலக்கம். வயரை மாற்றுவதற்குப் பதிலாகச் செய்நிரலை மாற்றினால் போதும் என்ற நிலை அன்று தோன்றியது. அதனுடன் புதிய சிக்கலொன்றும் சேர்ந்தே பிறந்தது. ரிலே பழுதானால் எந்த ரிலேயையும் அதன் இடத்தில் வைக்கலாம். செயலி பழுதானால் அதே வகைச் செயலி வேண்டும். அதனுள் அதே செய்நிரலும் வேண்டும்.

உருக்குக்கும் சில்லுக்கும் ஆயுள் வேறு. இலத்திரனியல் உற்பத்தியாளர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய தலைமுறைக்கு மாறிவிடுவர். ஜேர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் 1979 இல் அறிமுகப்படுத்திய எஸ்-5 வரிசை உலகெங்கும் சீமெந்து ஆலைகள் முதல் சீனி ஆலைகள் வரை பரவியிருந்தது. 2000களில் அதன் உற்பத்தி கட்டங்கட்டமாக நிறுத்தப்பட்டது. அதன் வாரிசாக 1990களின் நடுப்பகுதியில் வந்த எஸ்-7-300 வரிசைக்கும் 2023 ஒக்டோபரில் விடைகொடுக்கப்பட்டுவிட்டது. உதிரிப்பாகமாக மட்டும் 2033 வரை வழங்கப்படும் என நிறுவனம் அறிவித்துள்ளது. அமெரிக்காவின் அலன் பிராட்லி பி.எல்.சி.-5 என்ற புகழ்பெற்ற வரிசையின் விற்பனை 2017 இல் முடிவுக்கு வந்தது. இன்று பாவித்த இயந்திரச் சந்தையில் விலைபோகும் ஐரோப்பிய இயந்திரங்கள் பலவற்றின் வயிற்றில் இருப்பது எஸ்-5 அல்லது எஸ்-7-300 என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இது வறிய நாடுகளுக்கு மட்டும் உரிய தலைவலி அன்று. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 2002 இல் விண்ணோடத் திட்டத்தின் பரிசோதனைக் கருவிகளுக்கு வேண்டிய பழைய இன்ரெல் 8086 சில்லுகளை இணைய ஏலச் சந்தையிலே தேடியது. அச்சில்லு 1978 இல் வெளிவந்தது. அதனைப் பெறுவதற்காகவே பழைய மருத்துவக் கருவிகளை மொத்தமாக வாங்கி உடைத்தனர் என்று அப்போது செய்தி வெளிவந்தது. சான் பிரான்சிஸ்கோ நகரின் இலகு புகையிரதங்கள் 1998 இல் நிறுவப்பட்ட கட்டுப்பாட்டு முறைமையில் இயங்குகின்றன. ஒவ்வொரு நாளும் அது ஐந்தேகால் அங்குல நெகிழ்வட்டிலிருந்து செய்நிரலை ஏற்றியே வேலையைத் தொடங்கி வந்தது. அதனை மாற்றுவதற்கு 2024 இல் 212 மில்லியன் டொலர் ஒப்பந்தம் அங்கீகரிக்கப்பட்டது. செல்வந்த நாடு பணத்தால் இதனைக் கடந்துவிடும். மாங்குளத்தில் முப்பது பேருக்கு வேலைகொடுக்கும் ஆலையொன்று நின்றால் முப்பது வீடுகளின் உலை நிற்கும்.

இனி, செயலி ஏன் பழுதாகின்றது என்பதைப் பார்ப்போம்.

உண்மையில் செயலி நேரடியாகப் பழுதாவது குறைவு. முதலில் தளர்வது மின்வழங்கிதான். அதனுள் இருக்கும் மின்பகுப்பு மின்தேக்கிகள் வெப்பத்தில் மெல்ல உலர்ந்து, 24 வோல்ற்று கொடுக்க வேண்டிய இடத்தில் தள்ளாடும் மின்னழுத்தத்தைக் கொடுக்கத் தொடங்கும். வன்னியின் வெயிலில், தகரக் கூரையின் கீழ், விசிறி நின்றுபோன பெட்டிக்குள் இது விரைவாக நிகழும். அடுத்ததாகப் பழுதாவன வெளியேயுள்ள வயர்களுடன் இணைந்திருக்கும் அட்டைகள். ஐப்பசி மாதத்து இடிமின்னலில் நீண்ட வயர் வழியாக வரும் அதிர்ச்சியை முதலில் வாங்குபவை அவையே. எனவே இயந்திரம் நின்றவுடன் செயலிதான் போய்விட்டது என்று முடிவுகட்டி வெளிநாட்டுக்கு மின்னஞ்சல் அனுப்புவது பெரும்பாலும் வீண்செலவில் முடியும். மின்வழங்கியின் அளவு, உருகிகள், உணரிகள், தளர்ந்த வயர்முனைகள் ஆகியவற்றைப் பார்த்த பின்னரே செயலியிற் கைவைக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் மலிவானதும் எல்லாவற்றிலும் கூடுதலான சேதத்தை விளைவிப்பதும் ஒன்றுண்டு. அது பற்றரி.

பழைய கருவிகள் பலவற்றில் செய்நிரல் தங்கியிருக்கும் நினைவகம் மின்சாரம் இருக்கும்வரைதான் நினைவில் வைத்திருக்கும். மின்சாரம் நின்றால் அதனைக் காப்பாற்றுவது பெருவிரல் அளவான லித்தியம் பற்றரி. ஆலை அன்றாடம் இயங்கிக்கொண்டிருக்கையில் பற்றரி செத்துப்போனதை எவரும் கவனிப்பதில்லை. சிவப்பு விளக்கொன்று மட்டும் பெட்டிக்குள் எரிந்துகொண்டிருக்கும். சித்திரைப் புத்தாண்டுக்கோ பெருநாளுக்கோ விடுமுறைவிட்டு ஆளியை நிறுத்திவிட்டு வந்து மீண்டும் திறந்தால் இயந்திரம் எழும்பாது. செயலி நன்றாகவே இருக்கும். அதன் அறிவு மட்டும் அழிந்திருக்கும். 2022 இல் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவிய நாட்களை எண்ணிப்பார்த்தால் இதன் பாரதூரம் விளங்கும்.

பாவித்த இயந்திரம் வாங்குவோர் கவனிக்க வேண்டியதும் இதுவே. ஐரோப்பியத் தொழிற்சாலை மூடப்படும் நாளில் மின்சாரம் துண்டிக்கப்படுகின்றது. இயந்திரம் பல மாதங்கள் களஞ்சியத்தில் கிடக்கின்றது. பின் கடற்பயணம், துறைமுகம், சுங்கம், லொறி. இவ்வளவு காலமும் ஏற்கெனவே பழசான அந்தப் பற்றரிதான் செய்நிரலைத் தாங்க வேண்டும். அது இடையிலே ஓய்ந்துவிட்டால் மாங்குளத்தில் வந்திறங்குவது பல தொன் எடையுள்ள இரும்பு மட்டுமே. வாங்கியவர் ஏமாற்றப்பட்டார் என்றும் சொல்ல முடியாது. விற்றவருக்கே அது தெரிந்திருக்காது. பற்றரியை மாற்றும்போது இக்கருவிகளிற் பெரும்பாலானவற்றில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. பாதுகாப்பு என்று எண்ணி ஆளியை நிறுத்திவிட்டுப் பற்றரியைக் கழற்றும் கையே செய்நிரலை அழித்துவிடுகின்றது.

எல்லாக் கருவிகளும் இப்படியன்று. சிலவற்றில் செய்நிரல் அழியாத் தன்மையுள்ள சில்லொன்றில் எழுதப்பட்டுச் செருகப்பட்டிருக்கும். எஸ்-7-300 வரிசையின் பிற்காலச் செயலிகளிலோ அது நகத்தளவான நினைவக அட்டையொன்றில் இருக்கும். அந்த அட்டையை அதே வகையான வேறு செயலியில் செருகினால் புதிய செயலி பழையதன் இடத்தில் வேலையைத் தொடங்கிவிடும். இவ்வளவு இலகுவா என்று மகிழ்வதற்குள் ஓர் எச்சரிக்கை: பார்ப்பதற்குக் கமராவின் அட்டைபோல இருப்பதால் சிலர் அதனைச் சாதாரண மடிக்கணினியில் செருகிப் பார்ப்பர். கணினி அதனை அடையாளங்காண முடியாமல் வடிவமைக்கலாமா என்று கேட்கும். ஆம் என்று அழுத்தினால் செய்நிரலும் போய்விடும். அட்டையும் அச்செயலிக்கு உதவாததாகிவிடும்.

செயலி உண்மையிலேயே செத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எங்கே தேடுவது?

வாகன உதிரிப்பாகம் என்றால் கொழும்பு பஞ்சிகாவத்தை இருக்கின்றது. தேடியது அங்கே இல்லையென்றால் இலங்கையிலேயே இல்லை என்பார்கள். இலத்திரனியல் சில்லறைப் பொருட்களுக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெரு இருக்கின்றது. தொழிற்சாலைச் செயலிக்கு அப்படியொரு தெரு இங்கு இல்லை. முதலிற் கேட்க வேண்டியது உற்பத்தியாளரின் முகவரைத்தான். விலை அதிகமாயினும் உதிரிப்பாகக் காலம் முடியாத வரிசைகளுக்கு அதுவே நம்பகமான வழி. பழுதான செயலியைக் கொடுத்துத் திருத்திய ஒன்றைப் பெறும் ஏற்பாடும் சில நிறுவனங்களில் உண்டு. அடுத்த வழி, பழைய கருவிகளைத் துப்புரவாக்கி, மின்தேக்கிகளை மாற்றி, பரிசோதித்து, உத்தரவாதத்துடன் விற்கும் ஐரோப்பிய, அமெரிக்க மீளமைப்பு வணிகர்கள்.

எமக்கு மிக அருகிலுள்ள சந்தையொன்றைப் பலர் அறியார். குஜராத் மாநிலத்தின் அலங் கடற்கரையில் உலகின் பழைய கப்பல்கள் உடைக்கப்படுகின்றன. கப்பலின் இயந்திர அறைகளிலும் இதே சீமென்ஸ், இதே மிட்சுபிஷி, இதே ஒம்ரொன் கருவிகள்தாம் இருக்கின்றன. அவற்றைக் கழற்றி விற்கும் கடைகள் அருகேயுள்ள பாவ்நகரில் நிறைந்துள்ளன. வங்காளதேசத்தின் சட்டோகிராமிலும் இத்தகைய வணிகம் உண்டு. கப்பலிலிருந்து வந்த செயலி உப்புக்காற்றைச் சுவைத்திருக்கலாம். ஆனால் வேறெங்கும் கிடைக்காத பழைய வரிசைகள் அங்கு கிடைப்பதுண்டு. துபாய், சிங்கப்பூர், சீனத்தின் ஷென்சென் ஆகிய இடங்களின் வணிகர்கள் இணையம் வழியாக எதனையும் இருக்கின்றது என்றே சொல்வார்கள். அங்குதான் கவனம் மிகவும் தேவை.

போலிகள் பல விதம். பழைய செயலியின் மேற்பெட்டியை மாற்றிப் புதியது என விற்பது ஒன்று. சில்லின் மேல் எழுதப்பட்டதைச் சுரண்டிவிட்டு வேறு இலக்கத்தைப் பொறிப்பது இன்னொன்று. மூன்றாவது வகையில் போலி எதுவும் இல்லை; ஆனால் பொருள் பொருந்தாது. செயலியின் பக்கத்தில் நீண்ட ஓர் இலக்கம் அச்சிடப்பட்டிருக்கும். அதன் முதற்பகுதி ஒன்றாயிருப்பதைப் பார்த்துவிட்டு வாங்குவோர் கடைசி எழுத்துக்களைக் கவனிப்பதில்லை. அக்கடைசி எழுத்துக்கள் நினைவகத்தின் அளவையும் கருவியின் பதிப்பையும் குறிப்பன. உள்ளே பதிந்திருக்கும் நிலைபொருளின் பதிப்பு வேறாயிருந்தாலும் பழைய செய்நிரல் அதில் ஓடாமற் போகலாம். ஆகையால் இலக்கம் முழுவதும் தெரியும் படம், செயலி மின்சாரத்தில் இயங்கும் காணொளி, சேர்ந்த பின் பரிசோதிக்கச் சில வாரத் தவணை, இம்மூன்றும் இன்றிப் பணம் அனுப்புவது சூதாட்டம். 2022 இல் டொலர் இல்லாமல் வங்கிகள் கடனுறுதிக் கடிதம் திறக்க மறுத்த காலத்தை அனுபவித்தவர்களுக்கு, தவறான பொருளைத் திருப்பியனுப்பி மறுபடி தருவிப்பதன் கஷ்டம் சொல்லாமலே விளங்கும்.

தேவைப்படும்போது தேடுவதைவிட முன்கூட்டியே ஒன்றை வாங்கி வைப்பது நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் வாங்கியதை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் பத்து ஆண்டுகள் மறந்துவிடக்கூடாது. மின்தேக்கி சும்மா இருந்தாலும் முதுமையடையும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் மின்சாரம் கொடுத்து இயக்கிப் பார்க்க வேண்டும். நிலைமின் தடுப்புப் பையில், ஈரமும் கறையானும் அணுகாத இடத்தில் வைக்க வேண்டும். ஒரே வகை இயந்திரம் நான்கு இருந்தால் அவற்றில் மோசமானதை நிறுத்தி மற்ற மூன்றுக்கும் உதிரிப்பாகக் களஞ்சியமாக்குவதும் கெட்டிக்காரத்தனமே.

மாற்றும் வேலை அரைநாளில் முடியக்கூடியது. அதற்கு முந்திய ஆயத்தமே நாட்களை விழுங்கும். பெட்டியைத் திறந்தவுடன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். சிறு ஆளிகள் எப்பக்கம் தள்ளப்பட்டுள்ளன, எந்த அட்டை எந்த இடத்தில் உள்ளது, எந்த வயர் எந்த முனையில் உள்ளது என்பவற்றைக் குறித்துவைக்க வேண்டும். மின்சாரத்தை முற்றாகத் துண்டித்து, உடலைப் புவித்தொடுப்புடன் இணைத்த பின்னரே அட்டைகளைத் தொடலாம். புதிய செயலியைப் பொருத்திச் செய்நிரலை ஏற்றியவுடன் இயந்திரத்தை ஓடவிடுவது ஆபத்தானது. செய்நிரல் வேறு பதிப்பாக இருந்தால் அழுத்தி ஒன்று எதிர்பாராமல் கீழிறங்கலாம். அப்போது கீழே ஒருவரது கை இருக்கலாம். மோட்டார்களுக்குச் செல்லும் மின்சாரத்தைத் துண்டித்துவைத்து, ஒவ்வோர் உணரியும் சரியான விளக்கை எரிக்கின்றதா, ஒவ்வொரு கட்டளையும் சரியான ரிலேயை இழுக்கின்றதா என்று பார்த்த பின்னரே உண்மையான ஓட்டம். அவசர நிறுத்தப் பொத்தான் செயலியை நம்பியிராமல் நேரடியாக மின்சாரத்தைத் துண்டிக்கும்படி வயரிடப்பட்டிருக்கின்றதா என்பதை அன்றைக்கே உறுதிசெய்துகொள்ள வேண்டும். பழைய இயந்திரங்கள் சிலவற்றில் முந்திய உரிமையாளர் அதனை இடைமறித்து வைத்திருப்பதுண்டு.

இவ்வளவும் செய்நிரலின் பிரதி கையில் இருந்தால்தான். செயலிக்கு விலை உண்டு. எங்கோ ஓரிடத்தில் எப்போதாவது கிடைக்கும். அழிந்த செய்நிரலுக்குச் சந்தை இல்லை. இயந்திரத்தை உருவாக்கிய நிறுவனம் இன்னமும் இருந்து, பழைய கோப்பைக் காப்பாற்றியும் வைத்திருந்தால் அதிர்ஷ்டம். இல்லையேல், இயந்திரத்தின் ஒவ்வோர் அசைவையும் அவதானித்துத் தொடக்கத்திலிருந்து எழுத வேண்டியதுதான். அதற்கு ஆகும் செலவு சில வேளைகளில் பாவித்த இயந்திரத்தின் விலையையே தாண்டிவிடும்.

தொண்ணூறுகளில் வன்னியில் வாழ்ந்தோர் பற்றரி தடைசெய்யப்பட்ட காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள்; பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள். அந்தக் கைத்திறனுக்கு ஈடு கிடையாது. உடைந்த பற்சக்கரத்தைக் கடைசல்காரர் ஒருவர் மாதிரி பார்த்துச் செய்துவிடுவார். எரிந்த மோட்டாரைச் சுற்றித் தருவதற்கு வவுனியாவில் ஆள் உண்டு. செய்நிரலுக்கு மட்டும் மாதிரி பார்க்க ஏதும் எஞ்சுவதில்லை.

ஆகவே இயந்திரம் இன்னும் பழைய உரிமையாளரின் கூரையின் கீழ் மின்சாரத்துடன் இயங்கிக்கொண்டிருக்கும்போதே பிரதி எடுக்கப்பட வேண்டும். பேரம் பேசச் செல்பவர் தம்முடன் செய்நிரல் அறிந்த ஒருவரை அழைத்துச் செல்வது விமானச்சீட்டுக்கான செலவைப் பலமடங்கு மீட்டுத்தரும். அங்குள்ள பொறியியலாளரின் கணினியில் மூலக்கோப்பு இருக்கும். அதில் ஒவ்வோர் உணரிக்கும் பெயரும் ஒவ்வொரு வரிக்கும் விளக்கக் குறிப்பும் இருக்கும். செயலியிலிருந்து நேரே இறக்கிக்கொள்ளும் பிரதியில், எஸ்-5, எஸ்-7-300 போன்ற பழைய வரிசைகளில், அக்குறிப்புகள் இருக்கமாட்டா. வெறும் இலக்கங்களே இருக்கும். குறிப்புகள் ஜேர்மன் மொழியிலோ யப்பானிய மொழியிலோ இருந்தாலும் ஒன்றுமில்லாததைவிட மேல். கடவுச்சொல் போடப்பட்டிருந்தால் அதனையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். எஸ்-5 போன்ற கருவிகளுடன் பேசுவதற்கு இன்றைய மடிக்கணினியில் இல்லாத பழைய தொடர் இணைப்பும் அதற்குரிய மாற்றியும் பழைய மென்பொருளும் தேவை. விற்பவர் அந்தப் பழைய கணினியைக் குப்பையில் எறியப் போகின்றார் என்றால் அதனையும் சேர்த்துக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பழைய செயலியையே தேடிக்கொண்டிருக்காமல் புதிய தலைமுறைக்கு முழுமையாக மாற்றிவிடலாமே என்று கேட்கலாம். மாற்றலாம், என்றோ ஒருநாள் மாற்றத்தான் வேண்டும். எஸ்-5 செய்நிரலைப் புதிய வடிவத்துக்கு மாற்றும் மென்பொருளும் உண்டு. ஆனால் அது தொண்ணூறு வீதத்தைச் செய்துவிட்டுக் கடினமான பத்து வீதத்தை மனிதரிடம் விட்டுவிடும் வகையைச் சேர்ந்தது. நேரங்கணிப்பிகள் சற்றே வேறாக நடக்கும். வெப்பநிலை, அமுக்கம் போன்ற அளவீடுகளின் எண்வடிவம் மாறும். திரையுடன் பேசும் மொழி ஒவ்வாது. செலவைக் குறைக்க வயர்களைப் பழைய முனைகளிலேயே விட்டுவிட்டு அட்டைகளை மட்டும் மாற்றும் இடைப்பொருத்திகளைச் சில நிறுவனங்கள் தயாரிக்கின்றன. அலன் பிராட்லியின் பழைய வரிசைக்கு அத்தகைய வசதி உண்டு. எமது நிலைமைக்கு ஏற்றது படிமுறையான வழி என்றே தோன்றுகின்றது. முதலில் பிரதி, அடுத்து ஓர் உதிரிச் செயலி. அவை தரும் அவகாசத்தில் பணம் சேர்த்து முழுமையான மாற்றம். இயந்திரம் நின்றுகிடக்க, தொழிலாளர் வீட்டிலிருக்க, அவசரத்தில் செய்யும் மாற்றம் எப்போதும் இருமடங்கு செலவில் முடிகின்றது.

கருவியுடன் ஆளும் பழசாகிவிடுகின்றார் என்பது இன்னொரு பக்கம். கனடாவில் அணுமின் நிலையங்களின் இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் பி.டி.பி.-11 என்ற 1970களின் கணினிகளை 2050 வரை பராமரிக்க வேண்டியிருப்பதால், அதன் மொழி அறிந்தவர்களை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 2013 இல் தேடியது. எஸ்-5 அறிந்த ஜேர்மானியர் பலர் ஓய்வுபெற்றுவிட்டனர். இங்கோ, மாங்குளத்திலிருந்து ஏ-9 வழியே வடக்கே முறிகண்டியைத் தாண்டினால் கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும், 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் உள்ளன. பயிற்சிக் கூடங்கள் புதிய கருவிகளிலேயே மாணவரைப் பழக்குவது இயல்பு. பாவித்த இயந்திரங்களால் நிரம்பப்போகும் பிரதேசமொன்றுக்குப் பழைய எஸ்-5 ஒன்றையும் எஸ்-7-300 ஒன்றையும் மேசையில் வைத்துக் கழற்றிப் பூட்டக் கற்பித்தல் அதனிலும் கூடிய பயன் தரும். பாவ்நகரிலிருந்து அவற்றைத் தருவிக்கப் பெருந்தொகை தேவைப்படாது.

வலயத்தின் நிர்வாகமும் இதில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஒவ்வொரு தொழிற்சாலையும் தனித்தனியே உதிரிச் செயலி வாங்கி வைப்பது சிறு முதலீட்டாளருக்குச் சுமை. எந்தத் தொழிற்சாலையில் எந்த வரிசை, எந்த இலக்கம், எந்தப் பதிப்பு என்ற பதிவேடு ஒன்று பொதுவில் இருந்தால், பத்துத் தொழிற்சாலைகளுக்கு மூன்று நான்கு உதிரிகளே போதுமாகலாம். பற்றரி மாற்ற வேண்டிய திகதியும் அதே பதிவேட்டில் இருக்கலாம். செய்நிரல் தொழில் இரகசியம் என்று உரிமையாளர் தயங்கக்கூடும். முத்திரையிட்ட உறையில் வைத்து, அவரது கையொப்பமின்றித் திறக்க முடியாதபடி செய்துவிட்டால் அத்தயக்கம் நீங்கும். இதற்குப் பெரிய கட்டடம் எதுவும் வேண்டியதில்லை. இப்பழைய செயலிகளின் நினைவகம் இன்றைய கைத்தொலைபேசியிற் பிடிக்கும் ஒரு படத்தின் அளவுக்கும் வராது. வலயத்தின் எல்லா இயந்திரங்களின் செய்நிரல்களும் ஒரேயொரு விரலியில் அடங்கிவிடும். அதில் ஒரு பிரதி மாங்குளத்திலும் இன்னொரு பிரதி இடியும் வெள்ளமும் ஒரே நாளில் தாக்காத வேறோர் ஊரிலும் இருந்தால் போதுமானது.